போலித் தூக்கம் தூங்கினார்: எங்கே பாசாங்கு, எங்கே பாவ்லா, எங்கே போலி?

போன வருடம் ஆடிக் கிருத்திகை சமயம். காவடிக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கால் வைக்க இடமில்லை. அந்த நெரிசலிலும் ஒரு அம்மா என் கடைக்குள் நுழைந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருத்தணியில் எனக்கு ஒரு சின்னக் கடை: ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதிக் கொடுப்பது. மனு எழுத ஆரம்பித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது விரல் லேசாக நடுங்குவதால் டைப்பிங்கை மருமகளிடம் விட்டுவிட்டேன்.

வந்த அம்மாவுக்கு எதிர்வீட்டுக்காரர்மேல் கோபம். "ராத்திரி பதினோரு மணிக்கு முனிசிபாலிட்டி குழாய்லயே மோட்டார் வெச்சி தண்ணிய இழுக்கறாரு. போயி கதவத் தட்டனா, தூங்கற மாதிரி படுத்துக்கினாரு. ஜன்னல்ல பாக்கறேன், கால் கட்டைவிரல் ஆடிக்கினு இருக்குது. இன்னா பாவ்லா!"

மருமகள் தலையை ஆட்டிக்கொண்டே டைப் அடித்தாள். பிரிண்ட் எடுத்து நான் படித்தேன். "எதிர்வீட்டுக்காரர் போலித் தூக்கம் தூங்கினார்" என்று இருந்தது.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மருமகள் முகம் சுருங்கிப்போய்விட்டது. "தப்பா மாமா? போலின்னா பொய்யானதுதானே?"

தப்பென்று சொல்வது சுலபம். ஏன் தப்பென்று சொல்லத்தான் எனக்கு அன்றைக்கு முழுதும் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழைக் காதால் கற்றுக்கொண்டவர்களுக்கும், தமிழே பேசினாலும் எழுதும்போது இந்த இடத்தில் தடுக்கி விழுகிறவர்களுக்கும் உதவும்.

மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் நகரிப் பெண். நகரி ஆந்திரா. 1960-ஆம் வருடம் ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன்னால் எங்கள் திருத்தணியும் ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. போராடி, எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த மத்தியஸ்தர் படாஸ்கர் போட்ட கோட்டின்படி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கம் நின்றுகொண்டன. கோடு ரோட்டில்தான், சம்பந்தம் பேசுகிற வீடுகளில் அது தெரியாது. அவள் வீட்டில் இரண்டு பாஷையும் புழங்கும். ஆனால் படித்தது தெலுங்கு மீடியம். அதனால் தமிழில் பேச்சு தண்ணீராக ஓடும், எழுத்தில்தான் அங்கங்கே கல் தட்டும்.

முதல் கேள்வி: பொய்யாக இருப்பது எது?

பொய் ஒரு பொருளிலோ பட்டத்திலோ இருந்தால் போலி. போலி மருந்து, போலிப் பத்திரம், போலி முத்திரை. கடையில் வாங்கின வாட்ச், கம்பெனி பெயரில் ஒரு எழுத்து மாறி வந்தால் அது போலி. பொய் ஒருவர் நடத்தையில் இருந்தால் பெரும்பாலும் போலி சரிப்படாது. தூக்கம் நடத்தை. காய்ச்சல், வலி, அழுகை, அறியாமை எல்லாம் அப்படியே. அங்கே பாசாங்கு வரவேண்டும்.

மருமகள் விடவில்லை. "அப்ப போலி டாக்டர்னு சொல்றாங்களே மாமா? அவர் ஆளுதானே?" நல்ல கேள்வி. போலி டாக்டர் என்கிறபோது அந்த ஆள் போலி இல்லை. ஆள் அசல்தான், ரத்தமும் சதையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். போர்டில் பெயருக்குப் பின்னால் போட்ட பட்டம்தான் போலி. போலிச் சாமியார், போலி போலீஸ் எல்லாம் இந்தக் கணக்குதான். அதே போலி டாக்டர், போலீஸ் வந்து கதவைத் தட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், அது பாசாங்கு.

போலிக்கு இலக்கணத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. அங்கே அது குற்றமே இல்லை. பந்தல் பந்தர் ஆகும், அறம் அறன் ஆகும்; ஒரு எழுத்து போய் இன்னொன்று அதே பொருளில் உட்காரும். அதற்கும் போலி என்றுதான் பெயர். ஒன்றைப் போல இன்னொன்று, அவ்வளவுதான். தெலுங்கில் சாயலுக்குப் 'போலிக' என்பார்கள். மருமகள் காதில் போலி என்பது முதலில் 'மாதிரி' என்று விழுந்து, அப்புறம்தான் 'பொய்' என்று விழுந்திருக்கிறது. அவள்மேல் தப்பில்லை.

இந்த இடத்தில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். 1993 என்று நினைவு. எனக்கு அப்போது தெலுங்கு சந்தைத் தெலுங்கு. விலை கேட்க, வழி கேட்கப் போதும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவருடைய நிலத்துக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதி நகிலீ" என்றார். நகல் என்றுதான் எனக்குக் கேட்டது. ஜெராக்ஸ் காப்பியைத்தானே கொண்டுவந்திருக்கிறோம், ஆளுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக, "அவுனண்டி, நகிலீயே! ஒரிஜினல் இண்ட்லோ உந்தி" என்றேன். ஆமாங்க, போலிதாங்க, அசல் வீட்டில் இருக்கிறது! அடுத்த அரை மணி நேரம் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இரண்டு பேர் மாறி மாறி வந்து பார்த்தார்கள். பெரியவர் பஸ் பிடித்து அசலோடு வந்த பிறகுதான் விட்டார்கள்.

நகல், நகிலீ இரண்டும் ஒரே வேரில் வந்த சொற்கள். தெலுங்கில் நகலு என்றால் காப்பி, நகிலீ என்றால் போலி. இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. தமிழில் நாம் நகலை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதனால் அங்கே போய்த் தலையாட்டுவதற்கு முன் கடைசி எழுத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பாசாங்கு: எப்படிக் கட்டுவது?

பாசாங்குக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு 'போல்' வரும். தூங்குவதுபோல் பாசாங்கு செய்தான். காய்ச்சல் வந்ததுபோல் பாசாங்கு செய்தாள். தெரியாததுபோல் பாசாங்கு செய்தார்கள். பேச்சில் 'போல்' போய் 'மாதிரி' வரும்: தூங்கற மாதிரி பாசாங்கு பண்றான். தெலுங்குக்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. தூங்குவதுபோல் என்பதற்கு அவர்கள் சொல்கிற 'நித்ரபோதுன்னட்டு' என்பதில் கடைசியில் வருகிற அந்த 'அட்டு' இருக்கிறதே, அதைக் கழற்றிவிட்டு 'போல்' மாட்டினால் போதும். 'தூங்கப் பாசாங்கு செய்தான்', 'தூங்கிப் பாசாங்கு செய்தான்' இரண்டும் ஓடாது.

எதிர்மறையில்தான் இந்தச் சொல் அதிகம் உழைக்கிறது. கேட்காததுபோல், பார்க்காததுபோல், அடையாளம் தெரியாததுபோல். கடன் வாங்கினவன் எதிரே வரும்போது போன் பேசிக்கொண்டே தெருவின் அந்தப் பக்கம் போகிறானே, அது. இதற்குத் தமிழில் பாசாங்கு என்கிற சொல்லே இல்லாமல் ஒரு வழியும் இருக்கிறது: கண்டும் காணாமல் போனான், கேட்டும் கேளாமல் இருந்தான். இரண்டே சொல்லில் வேலை முடிந்துவிடும். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாசாங்கு என்றால் திட்டுதான். 'பாசாங்கு செய்தார்' என்று மரியாதை விகுதி போட்டாலும் அது திட்டாகவே நிற்கும். மாமனாரைப் பற்றி மாமியாரிடம் சொல்லும்போது யோசித்துச் சொல்ல வேண்டும். ஆனால் இல்லை என்று சேர்த்தால் அப்படியே பாராட்டாகிவிடும். பாசாங்கு இல்லாத மனுஷன், பாசாங்கற்ற எழுத்து. ஒருவரைப் பற்றிச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய நல்ல வார்த்தை கிடைப்பது கஷ்டம்.

பாசாங்கு கிட்டத்தில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், நானே செய்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு, கணக்குப் பரீட்சைக்கு நாலு நாள் முன்னால். மாமரத்திலிருந்து விழுந்தேன். விழுந்தது நிஜம், அடி ஒன்றும் இல்லை. வலது கையைத் தூக்க முடியவில்லை என்று அழுதேன். அப்பா நம்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் எலும்பு என்றாலே புத்தூர்க் கட்டுதான்; பச்சிலை அரைத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துத் துணியால் கட்டி அனுப்புவார்கள். பஸ்ஸில் கூட்டிப் போனார். வரிசையில் நிஜமாகவே கை கால் உடைந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் முனகிக்கொண்டிருந்தேன்.

வைத்தியர் என் வலது கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்திக்கொண்டே வந்தார். அழுத்திய இடமெல்லாம் கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் ஊர், மழை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, அதே மாதிரி மெதுவாக அழுத்திக்கொண்டு போனார். நானும் கத்திக்கொண்டே இருந்தேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்ப்பது தெரிந்ததும் குனிந்து பார்த்தேன். அவர் கையில் இருந்தது என் இடது கை.

"சேயி பாகுந்தி. பரீட்சே விரிகிந்தி" என்றார். கை நன்றாக இருக்கிறது, பரீட்சைதான் உடைந்திருக்கிறது.

திரும்பி வரும்போது அப்பா நகரி வரை பேசவில்லை. நகரியில் டீ குடிக்கும்போது, "எந்தக் கையால டம்ளரைப் புடிக்கறே?" என்று மட்டும் கேட்டார். அது கோபத்தைவிடப் பெரிது. கணக்கில் முப்பத்தெட்டு வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

நடிப்பு: ஒரு 'ஆக'வும் ஒரு 'போல்'உம்

நடி என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல், தெலுங்கிலும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் தமிழில் அது எந்த உருபோடு வருகிறது என்பதில்தான் விஷயம். 'டாக்டராக நடித்தார்' என்றால் சினிமா, நாடகம். சம்பளம் வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்து செய்தது. 'டாக்டர்போல் நடித்தார்' என்றால் யாரோ ஏமாந்திருக்கிறார்கள். புகார் மனுவில் 'ஆக' போட்டுவிட்டால், படிக்கிறவர் மனதில் ஒரு கணமாவது கேமரா வந்து நிற்கும்.

இன்னார் என்று பெயர் சொல்லி, இன்னொருவருடைய இடத்தில் போய் நின்று கையெழுத்துப் போட்டால், அதற்கு நடிப்பும் வேண்டாம் பாசாங்கும் வேண்டாம். ஆள்மாறாட்டம் என்று எழுதவேண்டும். அது சட்டத்துச் சொல், 2024 ஜூலை முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 319-ஆம் பிரிவு. ஏமாற்றுக்கு முன்பிருந்த 420 இப்போது 318 ஆகிவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் இன்னும் ஒருவனும் "அவன் ஒரு முந்நூற்றுப் பதினெட்டுடா" என்று சொல்லவில்லை. ஃபோர் ட்வென்ட்டி சட்டப் புத்தகத்திலிருந்து போனாலும் வாயிலிருந்து போகாது போலிருக்கிறது.

பாவ்லா, பாவனை, பம்மாத்து

மூன்றும் 'பா', 'ப' என்று தொடங்குவதால் மருமகளுக்கு ஒரே குழப்பம்.

பாவ்லா இனிமேல் நடக்கப்போகிறதைப் பற்றியது. அடிக்கிற மாதிரி கையை ஓங்கிவிட்டுத் தலையைச் சொறிந்துகொள்வது பாவ்லா. கபடியில் ரெய்டுக்குப் போனவன் இந்தப் பக்கம் தாவுவதுபோல் காட்டி அந்தப் பக்கம் தொட்டுவிட்டு வருவதும் பாவ்லா. கடையில் விலை குறைக்காவிட்டால் இறங்கிப் போய்விடுவேன் என்று நாலு படி இறங்குகிறோமே, அதுவும்தான். பாவ்லாவைப் பெரும்பாலும் செய்வதில்லை, காட்டுவோம். இது பேச்சுச் சொல். பத்திரிகையில் அரசியல் பத்தி எழுதுகிறவர்கள் தாராளமாகப் புழங்குகிறார்கள், மனுவில் வராது. கண்டிப்பாகப் பார்த்தால், தூங்குகிறவர் விஷயத்தில் அந்த அம்மா பாவ்லா என்று சொன்னதே கொஞ்சம் நீட்டல்தான். கோபத்தில் சொல்லும்போது யார் அளந்து பார்க்கிறார்கள்?

பாவனை மென்மையான சொல். குழந்தைகள் கொட்டாங்குச்சியில் மண்ணை வைத்துச் சோறு என்று ஊட்டுவது பாவனை. அதைப் பாசாங்கு என்று சொன்னால் குழந்தைக்குச் செய்த பாவம். சைவர்கள் சிவோகம் பாவனை என்பார்கள், அது தியானத்தில் ஒரு படி. தெலுங்கில் பாவன என்றால் எண்ணம், உணர்ச்சி. இலங்கைத் தமிழர்களுக்குப் பாவனை என்றால் உபயோகம். 'பாவனையாளர்' என்று எழுதியிருந்தால் நடிகர் என்று நினைத்துவிடாதீர்கள், பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவர். இவ்வளவு இடத்தில் இவ்வளவு பொருள் இருப்பதால், புதிதாக எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைக் கொஞ்ச நாள் ஓரமாக வைப்பது நல்லது.

பம்மாத்து என்பது உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளியே பெரிதாகக் காட்டுவது. உதார், பந்தா, சீன் போடுவது எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். சர்ச் பக்கம் மாய்மாலம் என்ற சொல் அதிகம் கேட்கும். அவ்வளவுதான் இதில்.

வேஷம் கட்டுகிறவரும் வேஷம் போடுகிறவரும்

இதில் வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது ராத்திரி கூத்து இருக்கும். துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் பகலில் தறி நெய்கிறவராகவோ, உழவராகவோ இருப்பார். அவர் வேஷம் 'கட்டினார்'. கிரீடம், புஜக்கட்டை எல்லாம் நிஜமாகவே கயிற்றால் இறுக்கிக் கட்டுவதுதான். அதில் மரியாதை இருக்கிறது. விடியற்காலை, துரியோதனன் வீழ்கிற படுகளம் முடிந்ததும் அவர் காலில் விழுகிறவர்களும் உண்டு. வேஷம் 'போடுகிறான்' என்றால் கதையே வேறு. வாங்கின சீட்டுப் பணத்தை ஏப்பம் விட்டுவிட்டு வாசலில் சாமி கும்பிடுகிறானே, அவன். தெலுங்கிலும் பன்மையில் 'வேஷாலு வெய்யொத்து' என்றால் வாலாட்டாதே என்றுதான் அர்த்தம். இங்கே இரண்டு பாஷையும் ஒரே மாதிரி யோசிக்கின்றன.

எனக்குப் பிடித்தது பகல் வேஷம். இன்றைக்குத் தமிழில் இரட்டை வாழ்க்கை வாழ்கிறவனைத் திட்டத்தான் இது உதவுகிறது. ஆனால் பகட்டி வேஷாலு என்பது ஆந்திராவில் ஒரு கலை. ராத்திரி மேடை ஏறாமல், பட்டப்பகலில் வேஷத்தோடு வீடு வீடாக வருவார்கள். சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு அர்த்தநாரீஸ்வர வேஷத்தில் ஒருவர் வந்தார். உடம்பில் பாதி சாம்பல், பாதி மஞ்சள். நடுவில் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பினால் சிவன் குரல், அந்தப் பக்கம் திரும்பினால் பார்வதி குரல். புருஷனும் பெண்டாட்டியும் அவரே சண்டை போட்டு, அவரே சமாதானம் ஆகி, கடைசியில் அரிசியை வாங்கிப் பையில் கொட்டிக்கொண்டார். எங்கள் பாட்டி அவரை 'சாமி' என்றுதான் கூப்பிட்டாள். ஏமாற்றவே செய்யாத ஒரு கலையின் பெயர் ஏமாற்றுக்குப் போய்ச் சேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம். நகரி சம்பந்தியிடம் பகல் வேஷம் என்று திட்டினால் அவருக்குக் கோபமே வராது, பாட்டு ஞாபகம் வரும்.

நீலிக் கண்ணீர் எங்கள் ஊர்ச் சரக்கு

பொய்யழுகைக்கு முதலைக் கண்ணீர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். திருத்தணிக்காரன் அதை எழுதினால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. பக்கத்திலேயே திருவாலங்காடு, அதை ஒட்டிப் பழையனூர். நீலி அந்த ஊர்க்காரி.

கதையை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். போன பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க ஒரு பேய், பெண் உருவம் எடுத்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே வருகிறாள். அவன் இந்தப் பிறவியில் வணிகன். பழையனூர் வேளாளர்கள் சபையில் நின்று, என் புருஷன் என்னைக் கைவிட்டுப் போகிறான் என்று அழுகிறாள். குழந்தை அவனை அப்பா என்கிறது. அவன் கையில் காவலாக ஒரு கத்தி இருக்கிறது; அதைக் கீழே வைத்துவிட்டு அவளோடு தங்கு, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். காலையில் அவன் பிணம். வாக்குக் கொடுத்த எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே, வஞ்சனையால் ஒருத்தி உயிர் வாங்கிய கதையைத் தொட்டுவிட்டுப் போகிறார். அவ்வளவு பழைய கண்ணீர் இது.

அதே திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார், அழகு வேண்டாம், பேய் உருவம் கொடு என்று கேட்டு வாங்கியவர், நடராசர் காலடியில் இருக்கிறார். ஒரு ஊரில் பெண் பேயானாள், பேய் பெண்ணானாள். இதை நினைத்துக்கொண்டே நான் அங்கே நடராசர் ஆடுகிற ரத்தின சபையில் நிற்பதுண்டு.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். நீலிக் கண்ணீரைச் சாதாரணப் பொய்யழுகைக்குச் செலவழிக்கக்கூடாது. மிட்டாய்க்கு அழுகிற பிள்ளை நீலிக் கண்ணீர் வடிப்பதில்லை. சபையை நம்பவைத்து, அந்த நம்பிக்கையாலேயே ஒருவரைக் கவிழ்க்கிற அழுகைக்குத்தான் அது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் அது கரிசனம்போல் வருகிற வேறு வகை. ஒன்றும் தெரியாத பாப்பா போட்டாளாம் தாப்பா என்பது அப்பாவி வேஷம். தெலுங்கில் அந்தப் பெண்ணுக்கு நங்கநாச்சி என்று ஒரே சொல் இருக்கிறது. அதற்கு ஈடாகத் தமிழில் ஒற்றைச் சொல் தேடினேன், எனக்குச் சிக்கவில்லை. மருமகளுக்கு அன்று முதல் தடவையாக முகம் மலர்ந்தது.

அவள் சொன்ன இன்னொன்று: தெலுங்கில் பொய்த் தூக்கத்துக்குத் 'தொங்க நித்ர' என்பார்கள். தொங்க என்றால் திருடன். தமிழிலும் கள்ளத் தூக்கம், கள்ளச் சிரிப்பு, கள்ள நோட்டு. இரண்டு பக்கமும் பொய்க்கு அடையாளம் கள்ளன்தான். அவள் போலித் தூக்கம் என்று அடித்த இடத்தில் கள்ளத் தூக்கம் என்று அடித்திருந்தால், மனு மொழியாக இல்லாவிட்டாலும், நல்ல தமிழாக இருந்திருக்கும். பொய் என்று முன்னால் சேர்த்தாலும் ஓடும், ஆனால் கோபத்துக்கு முன்னால் சேர்த்தால் சண்டை போய்ச் செல்லம் வந்துவிடும். பொய்க்கோபம் காதலிலும் கல்யாணத்திலும் உண்டு. கள்ளக் கோபம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மனுவில் என்ன எழுதுவது?

இவ்வளவு சொல்லிக் கொடுத்த பிறகு, மருமகள் பழைய வரியை அழித்துவிட்டு, "எதிர்வீட்டுக்காரர் தூங்குவதுபோல் பாசாங்கு செய்தார்" என்று திருத்தினாள். இலக்கணம் சரி. சொல் சரி. நான் அதையும் அழிக்கச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

பாசாங்கு என்பது நம்முடைய தீர்ப்பு. மனுவை வாங்குகிறவர் அதைப் படித்ததும் 'இது உங்க அபிப்பிராயம்' என்று ஓரமாக வைத்துவிடலாம். எதிராளியும், நான் நிஜமாகத்தான் தூங்கினேன் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதனால் மனுவில் இந்தச் சொற்களில் எதுவும் வேண்டாம். நடிப்பு, நாடகம், பாசாங்கு, நீலிக் கண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும், எந்த நேரம் என்று சேர்த்து எழுத வேண்டும். சொல்லைப் படிக்கிறவரே சொல்லிக்கொள்வார். முப்பது வருடத்தில் நான் கற்ற வித்தை இது ஒன்றுதான்.

அந்த அம்மாவை மறுபடி உட்காரவைத்து, அன்று என்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்டோம். அவர் சொல்லச் சொல்ல மருமகள் அடித்தாள்:

"இரவு சுமார் 11 மணிக்கு நான் எதிர்வீட்டுக்குச் சென்றபோது, குடிநீர்க் குழாயில் பொருத்தப்பட்ட மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு முறை கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். அவர் விளக்கெரியும் அறையில் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கால் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பதில் இல்லை. நான் படி இறங்கித் தெருவுக்கு வந்ததும் மோட்டார் நிறுத்தப்பட்டது."

அந்த அம்மா படிக்கக் கேட்டுவிட்டு, "ஆமா, இப்படித்தான், இப்படியேதான்" என்றார். கையெழுத்துப் போட்டார். இருபது ரூபாயை எடுத்து நீட்டினவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

"எல்லாம் சரிம்மா. அந்தப் பாவ்லாவ மட்டும் எங்கனா ஒரு ஓரத்துல சேத்துடேன்."

"மனுவுல பாவ்லா வராதுக்கா" என்றாள் மருமகள், என் பக்கம் திரும்பாமலே.